எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்களும் ஒரு கருங்கல் சுவரும்

எங்கள் ஊரில் படைவீரர் நினைவுப் பூங்கா ஒன்று வந்திருக்கிறது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் திறந்த நாளிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பூங்காவின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கல். அதில் பொன்னிற எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘தாய்நாட்டைக் காத்த வீரர்களுக்கு வீரவணக்கம்’. அவ்வளவுதான். ஒரு பெயர்கூடக் கிடையாது. யார் அந்த வீரர்கள், எந்தத் தெருவிலிருந்து போனார்கள், எங்கே போனார்கள், யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை, எதுவும் இல்லை.

ஊத்தங்கரைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கிடக்கும் சின்ன ஊர் எங்களுடையது. பழைய வாரச்சந்தைத் திடலின் ஒரு மூலையில் இந்தப் பூங்கா. நடைபாதை, கொடிக்கம்பம், துப்பாக்கி ஏந்தி நிற்கும் சிமெண்ட் சிப்பாய், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், காலையில் நடக்க வருபவர்களுக்கு இரும்புச் சாமான்கள். சாயங்காலம் ஆனால் ஊரே அங்கேதான். பெயர்கள் இல்லாத பூங்கா என்றும் சொல்லிவிட முடியாது. நுழைவாயில் கல்வெட்டில் திறந்துவைத்தவர், தலைமை ஏற்றவர், முன்னிலை வகித்தவர்கள் என்று மேலிருந்து கீழ் வரை பெயர்கள்தான். சிமெண்ட் பெஞ்சுகளின் முதுகில் உபயம் கொடுத்தவர்களின் பெயர்கள். பணம் கொடுத்தவர் பெயரைப் போடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, கோயில் குழல்விளக்கிலேயே போடுகிறோம். ஆனால் யாருக்காகப் பூங்காவோ அவர்கள் பெயர் மட்டும் விடுபட்டுப் போவது எப்படி?

வெளியூர் ஆட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, நிலக்கடலை, கொஞ்சம் மாந்தோப்பு. அணைப் பாசனம் கிடைத்த கிராமங்கள் தப்பித்தன, மற்றவர்கள் பிழைப்புக்கு எங்காவது போயாக வேண்டும். பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனவர்கள் ஒரு பங்கு. பட்டாளத்துக்குப் போனவர்கள் இன்னொரு பங்கு. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் மையம் எங்கள் ஆட்களுக்கு அசலூர் மாதிரியே இல்லை. ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தால் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் ஓடிக் காட்டிவிட்டு வருவார்கள். மற்றவர்கள் நீலகிரி வெலிங்டனுக்கு, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் போய், முப்பத்தைந்து நாற்பதில் பென்ஷனோடு திரும்புகிறார்கள். திரும்பி வந்தவருக்கு அப்புறம் சொந்தப் பெயர் கிடையாது. ‘மிலிட்டரி வூடு எது?’ என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அதற்குப் பிறகு ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில், அல்லது ஏடிஎம் வாசலில், காவலுக்கு உட்கார்ந்து இன்னொரு இருபது வருடம். கேண்டீன் அட்டை, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மருத்துவமனை, வருடத்துக்கு ஒரு தடவை டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். இவ்வளவுதான் ஊரும் அரசும் அவர்களை நினைத்துப் பார்க்கும் இடங்கள். அதனால்தான் பூங்கா என்றதும் நான் இவ்வளவு எதிர்பார்த்தேன்.

கல் நடுவது நமக்குப் புதிதா

இந்தியாவிலேயே கல் நட்டுப் பெயர் எழுதிய பழக்கம் ஆழமாக ஊன்றிய மண்களில் இதுவும் ஒன்று. தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் போனவர்கள் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அருங்காட்சியகத்துக்கு வராமல் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்பவை இன்னும் அதிகம். பல கற்களை நம் மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் திறந்தால் வேடியப்பன் என்ற பெயர் இல்லாத வகுப்பே இருக்காது. என்றோ மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருத்தனின் கல்தான் இன்று குலசாமியாக நின்று பொங்கல் வாங்குகிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோதும் நடுகல்தான் நட்டார்கள். மன்னனுக்கும் அதே முறை, மாட்டுக்காரனுக்கும் அதே முறை.

அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன், இன்ன ஊர் மாட்டை மீட்டுப் பட்டான், அவன் பெயர் இது, இது அவன் கல். முடிந்தது. வீரம், தியாகம் என்று ஒரு சொல் இருக்காது. எந்த ஊர், எந்தச் சண்டை, யார் என்பது மட்டும் தவறாமல் இருக்கும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல் ஒன்று உண்டு. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. அவனோடு நின்ற நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டு அது காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால், ஓர் ஓரத்து ஊரில், ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்தது. கருங்கல்லை வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதி செய்கிற மாவட்டத்தில், எந்திரத்தில் எழுத்து வெட்டுகிற காலத்தில், சியாச்சினில் கால்விரல் இழந்து வந்தவரின் பெயர் நிலைக்கவில்லை. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதும் வழக்கத்தை வெள்ளைக்காரன் காலத்தில் பார்க்கலாம். வேலூர் மணிக்கூண்டுக் கல்லைப் படித்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். அதே வாசகத்தில் எண்ணை மட்டும் மாற்றிப் பொறித்த கற்கள் மெட்ராஸ் மாகாணத்தின் பல ஊர்களில் உண்டு. அந்த 14 பேர் யார்? கல்லுக்குத் தெரியாது. இராக்கில் பஸ்ராவில் இருக்கும் முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்திலும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர், இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை. நூறு வருடம் கழித்து, 2021இல், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு உயிரிழந்த 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கருங்கல்லில் ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கிறார்கள். டெல்லியால் இருபத்தையாயிரம் பெயரைப் போட முடிந்தால், எங்கள் ஊர்ச் சுவருக்குச் சில நூறு பெயர் பாரமா?

போர் என்றால் நமக்கு எல்லாம் எங்கோ வடக்கே நடந்தது என்ற நினைப்பு. எங்கள் மாவட்டத் தலைநகருக்கு இன்றும் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடியது, மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் ஓடியது. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டவை. தருமபுரிக்குப் பிறகு வேறு பாதை வந்தது, கிருஷ்ணகிரிக்கு வரவே இல்லை. அந்தப் போருக்கு ஆளையும் கொடுத்து ரயிலையும் கொடுத்த ஊர் இது.

சங்கத்தில் சொன்ன காரணங்கள்

முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளரிடம் இதைக் கேட்டேன். அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பூங்கா வருவதற்கு அலைந்தவர்களில் முதல் ஆள் அவர்தான், அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் இன்றும் குப்பைதான் கிடந்திருக்கும். பெயர் போட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இருந்திருக்கிறது. ஆனால் முதல் கூட்டத்திலேயே சண்டை வந்துவிட்டதாம். யார் பெயரைப் போடுவது? போரில் செத்தவர்கள் மட்டும் என்றால் எங்கள் சுற்று வட்டாரத்துக்கே விரல் விட்டு எண்ணும் அளவு. பணியில் இருந்தபோது செத்தவர்கள் என்றால் பட்டியல் நீளும். பனிச்சரிவு, மலைப்பாதையில் லாரி உருண்டது, உயரத்தில் மூச்சு முட்டியது, மாரடைப்பு. ராணுவக் காகிதத்திலேயே போரில் இறந்தவர் வேறு, பணியில் இறந்தவர் வேறு. குடும்பத்துக்கு வரும் பென்ஷனும் வேறு. அந்தக் கோடு கல்லிலும் விழ வேண்டுமா? உயிரோடு இருப்பவர்கள் பெயரைப் போடலாமா? உயிரோடு இருப்பவனுக்குக் கல்லா, அபசகுனம் என்று இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ரேங்க் வரிசையா, அகர வரிசையா, ஊர் வரிசையா? சண்டை ஓயாமல் போகவே, ‘எல்லாருக்கும் பொதுவா ஒரு வரி போட்டுருவோம்’ என்று முடித்திருக்கிறார்கள்.

பொதுவான வரி யாரையும் நோகடிக்காது, உண்மைதான். ஆனால் யாருக்கும் சொந்தமாகவும் ஆகாது. அந்தப் பூங்காவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு தாத்தா, சுவரைக் காட்டி, ‘இதுல நான் இருக்கேன் பாரு’ என்று சொல்ல முடியாது. கல்யாணமான மறுவருடமே கணவனை இழந்த ஓர் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் கணவர் லடாக்கில் வண்டி கவிழ்ந்து இறந்தவர். திறப்பு விழா அன்று மேடைக்கு அழைத்து அவருக்குச் சால்வை போட்டார்கள். விழா முடிந்த பிறகு அவர் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து போனதைப் பார்த்தேன். சால்வை போர்த்திய அன்றே அந்தப் பெயரையும் வெட்டியிருக்கலாம்.

செலவும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதை மட்டும் நான் நேரில் விசாரித்துவிட்டு வந்தேன். பர்கூர் பக்கம் கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் விவரமாகச் சொன்னார். ஸ்டென்சில் ஒட்டி மணல் பீய்ச்சி எழுத்து வெட்டுகிறார்கள், உளிக்காலம் போய்விட்டது. தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம் என்பதால் ரொம்பச் சின்ன அளவில் வெட்டினால் ஓரம் உதிர்ந்துவிடும், ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வைத்தால் நூறு வருடம் நிற்கும் என்றார். அவர் பட்டறையில் பளபளக்கும் கருங்கற்கள் பெட்டிகளில் அடைத்துத் தயாராக இருந்தன. எல்லாம் வெளிநாட்டுக் கல்லறைகளுக்குப் போகிற கற்கள். “நாம வெறுங்கல்லாத்தான் அனுப்புறோம் சார். பேரு அவங்க ஊர்ல போய் வெட்டிக்குவாங்க” என்றார். அப்புறம், நான் கேட்காமலே, பட்டாளத்துக்காரங்க பெயர் என்றால் எழுத்துக்கூலியில் பாதி போதும் என்றும் சொன்னார். ஆக, செலவு ஒரு காரணமே இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்

பட்டியலைத் தயாரித்துக் கையில் வைத்துக்கொண்டு போனால் கூட்டத்தில் மறுக்க மாட்டார்கள் என்று நினைத்து, வீடு வீடாகப் போய் விவரம் எழுத ஆரம்பித்தேன். போன இடமெல்லாம் சந்தோஷமாகப் பேசினார்கள். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, பதக்கம், டிஸ்சார்ஜ் புத்தகம், குரூப் போட்டோ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். எங்கள் ஊருக்குக் கிழக்கே மாந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அண்ணன் மட்டும், “என் பேரு வேணாம் தம்பி” என்றார்.

அவர் சாப்பர்ஸில் நாயக்காக இருந்தவர், கண்ணிவெடி எடுப்பது அவர் பிரிவின் வேலை. 1987 முதல் 1990 வரை இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் இருந்தார். நான் ஏதோ தன்னடக்கம் என்று நினைத்து வற்புறுத்தினேன். தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“எங்க கம்பெனில தமிழ் பேசறவங்க இருந்தோம். அதனால வெடி எடுக்கற வேலை இல்லாதப்ப செக்போஸ்ட்ல நிறுத்திடுவாங்க. வர்றவங்க கிட்ட நாங்கதான் கேக்கணும், எங்க போறீங்க, பையில என்னன்னு. ஒரு நாள் ஒரு பாட்டி, எங்க ஆயா வயசு இருக்கும், பையைக் காட்டிட்டு என் மூஞ்சிய நிமிந்து பாத்தாங்க. ‘தம்பி, நீங்க எந்த ஊர்?’னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. தமிழே தெரியாத மாதிரி நின்னேன். அப்பதான் அவங்ககிட்ட தமிழ்ல கேள்வி கேட்டிருந்தேன் தம்பி.”

அவர் கூடவே இருந்த இருவர் ஒரே வெடியில் போனார்கள். ஒருவர் சித்தூர்ப் பக்கம், இன்னொருவர் பாலக்காடு. “அவங்க ரெண்டு பேரும் பேரு டெல்லில இருக்கு, கொழும்புலயும் இருக்காம். இருக்கணும். எனக்கு எதுக்கு?” என்றார். இலங்கையில் அமைதிப்படையில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். 2008இல் கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசு நினைவுச் சின்னம் கட்டி அவர்கள் பெயர்களைப் பொறித்தது. இங்கே நிலைமை வேறு. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை, அன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மனதிலும் அதுதான் இருந்தது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலும் அப்போது ஈழ ஆதரவுச் சுவரொட்டிகள்தான். இந்த அண்ணன் லீவில் வந்தபோது சீருடையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டுதான் சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கினாராம். எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களிடம் ‘அசாம்’ என்று சொல்லியிருக்கிறார்.

“இப்ப நீங்க வந்து வீரவணக்கம்னு எழுதி, கீழ என் பேரப் போடுவீங்க. பாக்கறவன் ஒருத்தன் கேப்பான், இவரு எங்க சண்டை போட்டாருன்னு. யாழ்ப்பாணத்துலன்னு சொன்னா அவன் என்ன நெனைப்பான்? சொல்லாம விட்டா நான் என்ன நெனைப்பேன்?”

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளேயிருந்து அண்ணி களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “அவரு அங்க இருந்த வரைக்கும் தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டா எனக்குக் கை கால் ஆடாது தம்பி. தந்தியா இருந்துருமோன்னு. மாமியாருக்குத் தெரியாம அழுவேன். அதுக்கெல்லாம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இவரு பேரு வேணாங்கறாரு. இவரு போனது நெசந்தான? அத எழுதுங்க. நல்லதுன்னும் எழுத வேணாம், கெட்டதுன்னும் எழுத வேணாம்.”

வீட்டுக்கு வந்த பிறகும் இதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் போட வேண்டும் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரிக்குக் கீழே பெயர்களை மட்டும் அடுக்கினால் என்ன ஆகும் என்பது அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 1965இல் பாகிஸ்தான் எல்லையில் நின்றவர், 1971இல் வங்காளத்தில் நுழைந்தவர், யாழ்ப்பாணத்தில் பாட்டியின் பையைச் சோதித்தவர், பஞ்சாபில் வெள்ள நிவாரணத்துக்கு மட்டுமே போனவர், பதினேழு வருடம் சமையல்கூடத்திலேயே இருந்தவர், எல்லாரும் ஒரே வணக்கத்துக்குள் கரைந்துவிடுவார்கள். அப்புறம் அந்த அண்ணன் மாதிரி ஆட்கள் அதிலிருந்து விலகிக்கொள்வார்கள். விலகுவதுதான் நேர்மை என்றும் அவர்களுக்குத் தோன்றும்.

நம் நடுகல்லின் முறை இங்கேதான் உதவுகிறது. அதில் ஊர், ஆண்டு, யாருக்குச் சேவகன், எங்கே, என்ன நடந்தது என்று இருக்கும். தீர்ப்பு இருக்காது. அந்தக் காலத்து மாடுபிடிச் சண்டைகளிலும் ஒரு பக்கத்துக்கு மீட்பு, மறுபக்கத்துக்குக் கொள்ளை. மீட்கப் போனவனுக்கும் கல் உண்டு, கவரப் போனவனுக்கும் கல் உண்டு. படிக்கிறவன் தன் அறிவைக் கொண்டு தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதே மாதிரி, ‘நாயக், மெட்ராஸ் சாப்பர்ஸ், 1984–2001, யாழ்ப்பாணம் 1987–90’ என்று வெட்டினால் அதில் பொய் எங்கே இருக்கிறது? முப்பது வருடம் கழித்து ஒரு கல்லூரிப் பெண் அதைப் படித்துவிட்டு, நம் ஊர் ஆள் ஏன் யாழ்ப்பாணத்துக்குப் போனார் என்று கேட்டால், அந்தக் கேள்வி எழ வேண்டிய கேள்விதான். நினைவுப் பூங்கா என்று பெயர் வைத்த இடத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்றால் வேறு எங்கே இருக்கும்?

மறுபடி போய் இதை அவரிடம் சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “சாப்பர்ஸ்னு போட்டிருக்கீங்களே, சந்தோஷம்” என்றார். பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்த சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடம், கண்ணிவெடி வெடிக்கப்போகிற நொடியில் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் தானே விழுந்து இறந்த நம் காஞ்சிபுரம் பக்கத்து ஆள், ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர். “அவரு யாரையும் கொல்லல தம்பி. காப்பாத்தினாரு. எங்க வேலையே அதுதான், வெடிய எடுக்கறது. நான் எடுத்ததுல எத்தன பேரு காலு தப்பிச்சுதோ” என்றார். அவர் குரலில் பெருமையை அன்றுதான் கேட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “மேல அந்த வரி இருக்கற சுவர்ல வேணாம். தனிக் கல்லுன்னா போட்டுக்கோங்க” என்றார்.

இப்போது எங்கே நிற்கிறது

தனிக் கல் என்பதைச் சங்கத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சுவருக்கு எதிரே, நடைபாதையின் மறுபக்கம், இடுப்பு உயரத்தில் சாய்த்துவைத்த பலகைக் கற்கள். ஊர்வாரியாகப் பெயர்கள். உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்ற பிரிவு இல்லை. பெயர், பிரிவு, சேர்ந்த ஆண்டு, விலகிய அல்லது இறந்த ஆண்டு, பணியாற்றிய முக்கியமான இடம். ரேங்க் இருக்கும், ஆனால் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. லடாக்கில் இறந்தவரும் கார்கிலில் குண்டடி பட்டவரும் அவரவர் ஊர்க் கல்லில் பக்கத்துப் பக்கத்தில் வருவார்கள். மிலிட்டரி நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா எங்கள் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார், அவரை முதலில் யாருமே சொல்லவில்லை. இப்போது அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அபசகுனம் என்று சொன்னவர்களில் ஒருவர், உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு வண்ணம் பூசலாம் என்று ஒரு யோசனை சொன்னார். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதனால் அவர் மனம் ஆறுகிறது என்றால் நான் எதிர்க்க மாட்டேன்.

தீராமல் நிற்பது ஒன்றுதான். குறைந்தது பதினைந்து வருடம் பணியாற்றியவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். பென்ஷனுக்கான கணக்கு அது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான்கு வருடம்தான், அதற்கு மேல் நாலில் ஒருவருக்கு மட்டுமே இடம். மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எங்கள் சுற்று வட்டாரத்திலிருந்தும் பையன்கள் போயிருக்கிறார்கள். அரசாங்கம் எந்தப் பட்டியலில் வைத்தாலும் சரி, ஊர்க் கல்லில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பது என் கட்சி. இருபது வயதில் பனிமலையில் ஓர் இரவு காவல் நின்றவனுக்கும் குளிர் அதே குளிர்தான். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறோம், கடுமையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பட்டியலில் மிகவும் ஓட்டையாக இருப்பது இரண்டு உலகப் போர்கள். நேரில் சொல்ல ஆள் இல்லை. அந்தக் காலத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர், பெங்களூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய பதக்கம் இருக்கலாம். முதல் உலகப் போர்ப் பதக்கமாக இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். சிப்பாயின் எண், ரேங்க், பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைச் சின்ன ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். சில பதக்கங்கள் வெள்ளி, தொழிலாளர் படையில் போனவர்களுக்கு வெண்கலம். வெண்கலம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதிலும் ஆள் விவரம் இருக்கும். புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்க வேண்டாம், அந்த எழுத்து போய்விட்டால் பிறகு எங்கும் தேட முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிலும் நான்கைந்து படம் எடுத்து, எந்த ஊர்க்காரர் என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள். கல் பட்டறைக்காரர் ஒரு பலகையை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறார்.